நடு அறையில் மேனேஜர்

மார்ச் 3, செவ்வாய், காலை 8.40

கீழ்த்தளத்துக்கு,

மேனேஜருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. சொன்னவர் டாக்டரம்மா, நேற்று மாலை ஐந்தேகாலுக்கு, கிளினிக் வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டே. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தையல். பத்தாம் நாள் பிரிப்பார்கள்.

உன்னைக் கேட்காமல் கொண்டுபோனதற்குக் கோபப்படுவாய். கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. நாம் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. என் போனை நீ எடுப்பதில்லை. ஜனவரியில் அவள் போட்ட நான்கு குட்டிகளும் ஒவ்வொன்றாகப் போன பிறகு, ஒன்பது நாள் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக் கத்தினாளே, அது உனக்கும் கேட்டிருக்கும். இன்னொரு முறை அதைக் கேட்க என்னால் ஆகாது. அம்மா இருந்தவரை இதற்குச் சம்மதிக்கவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

பத்து நாள் அவள் ஒரே அறையில் இருக்க வேண்டும். படி ஏறக்கூடாது, தாவக்கூடாது. என் தளம், உன் தளம் என்று இழுபறி வேண்டாம். மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் அம்மாவின் அறையில் விட்டிருக்கிறேன். சாவி நம் இருவரிடமும் இருக்கிறது. நீ காலை ஏழுக்கு மருத்துவமனைக்குத் துணி தைக்கும் தையல் பிரிவுக்குப் போய் மாலை ஐந்துக்கு வருகிறாய். நான் பதினொன்றுக்குப் பத்திரிகைக்குப் போனால் நீ தூங்கிய பிறகுதான் திரும்புகிறேன். எனவே காலை நான், மாலை நீ. சொல்ல வேண்டியதை எழுதி அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைக்கலாம்.

கழுத்தில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றாதே. தையலை நக்கினால் பிரிந்துவிடும். கோழியை வேகவைத்து உதிர்த்து வைத்திருக்கிறேன். ஒரு தடவைக்கு இரண்டு கரண்டி. வலி மருந்து நாளுக்கு ஒரே வேளை, சிரிஞ்சில் முதல் கோடு வரை, ஐந்து நாள். அதைக் காலைச் சாப்பாட்டோடு நானே கொடுத்துவிடுகிறேன்.

மாடி


மார்ச் 3, செவ்வாய், மாலை 7.00

மாடியில் இருப்பவருக்கு,

அறிக்கை கிடைத்தது. ஏன் இப்போது, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்கு மட்டும் அறிக்கையில் இடமில்லை போலிருக்கிறது. அம்மாவின் பூனை உனக்கு மட்டும் சொந்தமா?

கதவைத் திறந்தபோது கட்டிலுக்கு அடியில் அந்தப் பிளாஸ்டிக் கூம்பை வைத்துச் சுவரை உரசிக்கொண்டு நின்றாள். பின்னால் வரவும் தெரியவில்லை, முன்னால் போகவும் வழியில்லை. கழற்றி எறிந்தேன். அம்மாவின் பழைய நைட்டியில் ஒரு கையை வெட்டி, நான்கு கால்களுக்கும் துளை வைத்து, முதுகில் நாடா கட்டி ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன். இனி தையலை நக்க முடியாது. துணியை ஐந்து நிமிஷம் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அம்மா வாசனை இன்னும் இருக்கிறதோ என்னவோ.

தையலையும் பார்த்தேன். மோசமில்லை. முடிச்சுதான் கொஞ்சம் பெரிது. எங்கள் பிரிவில் அப்படிப் போட்டால் பிரித்துத் தரச் சொல்வார்கள்.

ஒன்றரைக் கரண்டி சாப்பிட்டாள். மணல் தட்டை மாற்றினேன். சிரிஞ்சைக் கழுவித் தம்ளரில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கீழே இருப்பவள்


மார்ச் 4, புதன், காலை 9.05

கீழ்த்தளத்துக்கு,

சட்டை போட்டால் கூம்பு தேவையில்லை. சொன்னவர் டாக்டரம்மா, இன்று காலை எட்டரைக்கு, போனில். “யாருங்க தைச்சது? நம்ம கிளினிக்குக்கும் நாலு தைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன்.

ஆனால் கூம்பைக் கழற்றாதே என்று எழுதிய அன்றே கழற்றியிருக்கிறாய். காரணம் என்ன என்று கேட்டிருக்கிறாய். காரணத்தை அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். எழுதியதைத் திரும்ப எழுதுவது என் தொழிலில் வழக்கமில்லை.

சிரிஞ்சைப் பற்றிய குத்தல் புரிந்தது. இனி இன்னும் சுத்தமாகக் கழுவி வைக்கிறேன்.

இன்று காலை இரண்டு கரண்டியும் சாப்பிட்டாள். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, தெருவில் குழி தோண்டுபவர்களை மேற்பார்வை பார்த்தாள். “மேனேஜர் வந்துட்டாங்க, வேலையைப் பாருங்க” என்று அம்மா சொல்வது காதில் விழுந்தது.

மாடி


மார்ச் 5, வியாழன், மாலை 7.30

மாடியில் இருப்பவருக்கு,

இன்று அரைக் கரண்டிகூட இறங்கவில்லை. கோழியை விரலில் எடுத்து வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து குடிக்கிறாள், குடிக்கிறாள், அங்கேயே கண்ணை மூடிக்கொள்கிறாள். முதுகைக் கூனிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆபரேஷன் ஆன மறுநாள் நன்றாக இருந்தவள் மூன்றாம் நாள் ஏன் இப்படி ஆக வேண்டும்?

தையல் பக்கம் சிவப்போ சீழோ இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

மாலையில் நான் போகும்போது ஒரு சத்தம் கொடுப்பாள். இன்று கொடுக்கவில்லை.

கீழே இருப்பவள்


மார்ச் 6, வெள்ளி, காலை 9.00

கீழ்த்தளத்துக்கு,

கவலைப்பட ஒன்றுமில்லை. சொன்னவர் டாக்டரம்மா, இன்று காலை எட்டு ஐம்பதுக்கு, போனில். அவர் சொன்னது அப்படியே: “ஆபரேஷன் ஆன பூனை ரெண்டு மூணு நாள் டல்லாதான் இருக்கும். மருந்து ஒழுங்காப் போகுதில்ல? அப்போ விடுங்க. நாளைக்கும் சாப்பிடலைன்னா கூட்டிட்டு வாங்க.” மருந்து ஒழுங்காகப் போகிறது என்று சொன்னேன்.

காலையில் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு அதையும் கக்கினாள். அதையும் டாக்டரிடம் சொன்னேன். நீ வீணாகப் பதறாதே.

மாடி


மார்ச் 7, சனி, காலை 6.10
(மாடிக் கதவில் ஊக்கு குத்தி)

அண்ணா,

முகம் சரியில்லை. நான் சொல்கிறேன். யாரையும் கேட்காதே. போன் போட்டு நேரத்தை வீணாக்காதே. தூக்கிக்கொண்டு போ.

ராத்திரி முழுக்க அந்த அறையில் இருந்தேன். உன்னைக் கூப்பிடலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தேன். விரல் போகவில்லை. மாடிக்கு வந்து கதவைத் தட்டலாம் என்று பாதிப் படி வரை வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கிளினிக் எட்டு மணிக்குத்தான் திறக்கும். ஏழு மணிக்கு நான் பிரிவைத் திறந்து கொடுக்க வேண்டும், சாவி என்னிடம்தான் இருக்கிறது.

போ அண்ணா.


மார்ச் 7, சனி, பிற்பகல் 1.15
(கிளினிக்கிலிருந்து, ஆட்டோக்காரர் மூலம்)

பாப்பா,

இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருக்கின்றன. சொன்னவர் டாக்டரம்மா, இன்று பகல் பன்னிரண்டரைக்கு, ரத்தப் பரிசோதனைத் தாளை என் கையில் கொடுத்து. கிரியாட்டினின் என்று ஓர் அளவு. இரண்டுக்குள் இருக்க வேண்டும். மேனேஜருக்கு ஆறு புள்ளி நான்கு.

உன் கடிதத்தை ஆறரைக்குப் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை. துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஏழேகாலுக்கு வாசல் பெருக்க வந்த கம்பவுண்டர் பார்த்துவிட்டு டாக்டரை வீட்டிலிருந்து வரவழைத்தார். இப்போது முன்னங்காலில் டிரிப்ஸ் ஏறுகிறது.

இனி எழுதுவதை நின்று படி. அந்த வலி மருந்து அளவு மீறினால் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். டாக்டர் என்னைக் கேட்டார்: “மருந்து எவ்வளவு கொடுத்தீங்க?” நாளுக்கு ஒரு வேளை, முதல் கோடு வரை, நான்கு நாள் என்றேன். “பாட்டிலைக் கொண்டுவந்தீங்களா?” கொண்டுவந்திருந்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “நாலு வேளைக்கு இவ்வளவு குறையாதே. இது எட்டு வேளை. வீட்ல வேற யாராவது கொடுக்கிறாங்களா?”

எனக்குத் தெரியாது என்றேன். முப்பத்தொரு வருஷமாகச் செய்தி எழுதுகிறேன். என் வீட்டுப் படித் திருப்பத்தில் நடப்பதற்கு எனக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன்.

நீ கொடுத்தாயா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது. அவருக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

நான் மூன்று மணிக்கு அலுவலகம் போய்த்தான் ஆக வேண்டும். நீ வந்தால் கூண்டு பின்பக்கம் இரண்டாவது.


மார்ச் 7, சனி, மாலை 6.20
(கிளினிக்கில், கம்பவுண்டரிடம் கொடுத்தது)

அண்ணா,

ஆம்.

பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். நாளுக்கு ஒரு வேளை, சாப்பாட்டோடு என்று இருந்தது. மாலைச் சாப்பாட்டோடு கொடுத்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை வலியில் கூனிக்கொண்டு இருக்கிறாளே என்று முதல் கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏற்றினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

நீ எழுதியிருந்தாயே, காலையில் நானே கொடுக்கிறேன் என்று. இன்று கிளம்பும்முன் அந்த முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரியை இன்றைக்குத்தான் முதல் தடவை படிக்கிறேன். உன் கடிதங்களில் முதல் நான்கு வரிக்கு மேல் நான் படிக்கவில்லை, எந்த அறை, என் முறை எப்போது என்று கண்ணை ஓட்டியதோடு சரி. நீதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெருமையாகச் சொல்வாய்: செய்தியில் முக்கியமானது எல்லாம் மேலே இருக்கும், இடமில்லை என்றால் கீழே இருந்து வெட்டுவார்கள், ஒன்றும் குறையாது என்று. நான் கீழே இருந்து வெட்டினேன். உன் கோபம், உன் நியாயம், உன் விளக்கம், இதெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று நினைத்து வெட்டினேன். குட்டிகளுக்காக அவள் கத்தினதை எழுதியிருந்ததையும் இன்றுதான் படித்தேன். ஒன்பது நாள் இல்லை, பத்து நாள். முதல் நாள் நீ ஊரில் இல்லை.

அவள் கூண்டில் சட்டையோடு படுத்திருக்கிறாள். கால் முடியை மழித்து ஊசி குத்தியிருக்கிறார்கள். கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது. விரலை நீட்டினால் மூக்கைக் கொண்டுவந்து வைப்பாள், வைக்கவில்லை. பக்கத்துக் கூண்டு நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் கையால் கொடுத்தேன் அண்ணா. வாயை இறுக்கி மூடினாள், ஓரத்தில் விரலை விட்டுத் திறந்து கொடுத்தேன். விழுங்கும்வரை தொண்டையைத் தடவினேன்.

கம்பவுண்டர் கேட்கிறார்: “ரெண்டு பேரும் ஒரே வீடுதானேக்கா? லெட்டர் கொடுக்கிற வேலையும் எனக்கா?”


மார்ச் 8, ஞாயிறு, காலை 11.30
(கிளினிக்கில், கம்பவுண்டரிடம் கொடுத்தது)

பாப்பா,

ஐந்து புள்ளி ஒன்பது. சொன்னவர் டாக்டரம்மா, இன்று பதினொன்றுக்கு. இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது, ஏறவில்லை என்றுதான் சொல்ல முடியும் என்றார். சிறுநீர் கொஞ்சம் போகிறது. அது நல்லது. சாப்பாடு இல்லை.

முக்கியமானதை மேலே வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மருந்து யார் கொடுப்பது என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. அதைக் கடைசியில் வைத்தேன். டாக்டர் சொன்னது செய்தி, நான் செய்வது செய்தி இல்லை என்ற பழக்கம். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் இப்படி எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அதோடு முடியவில்லை. சிரிஞ்சைக் கழுவி வைத்தேன் என்று நீ எழுதியிருந்தாய். நான் காலையிலேயே கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன். கழுவிய சிரிஞ்சை மாலையில் இன்னொருவர் ஏன் கழுவ வேண்டும்? இதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நான் கேட்கவில்லை. என்னைக் குத்திக்காட்டுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை பாட்டில் குறைந்திருந்ததையும் பார்த்தேன். நீ தட்டிவிட்டிருப்பாய், சொல்ல மனமில்லாமல் விட்டிருப்பாய் என்று நினைத்தேன். எட்டு வேளையில் நான்கு என்னுடையது, பாப்பா. உன் கையை மட்டும் சொல்லாதே.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பதினோரு மாதமாக எழுதாதது. அன்று நீ அம்மாவோடு மருத்துவமனையில் இருந்து போன் செய்தாய். மணி மூன்று நாற்பது. “அண்ணா, அம்மா முகம் சரியில்ல, கிளம்பி வா” என்றாய். “டாக்டர் என்ன சொல்றார்?” என்று கேட்டேன். “டாக்டர் இன்னும் வரல, நான் சொல்றேன்ல” என்றாய். டாக்டரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்பலாம் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருந்த நேரத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்த செய்தியை முடித்துக் கொடுத்தேன். ஐந்தரைக்கு டாக்டர் கிடைத்தார். அவர் உறுதிப்படுத்தியது வேறு.

ஒரு மணி ஐம்பது நிமிடம். பேருந்தில் நாற்பது நிமிடத் தூரம். நான் எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அது மாறவில்லை.

நாற்பத்திரண்டு வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவள் சொன்னாள். அதைவிட உறுதியான ஆதாரம் வேறு இல்லை. சனிக்கிழமை உன் கடிதத்தைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. துண்டை எடுத்தேன்.

அவளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. கூண்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன்.


மார்ச் 9, திங்கள், மாலை 6.50
(கிளினிக்கில், கம்பவுண்டரிடம் கொடுத்தது)

அண்ணா,

நான்கு புள்ளி எட்டு. சொன்னவர் டாக்டரம்மா, இன்று மாலை ஐந்தரைக்கு. மேலே வைத்துவிட்டேன், பார்.

இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “டிரிப்ஸ் ஏறும்போது நம்பர் இறங்கத்தான் செய்யும். நாளைக்குக் காலைல டிரிப்ஸை நிறுத்திடுவேன். நிறுத்தின பிறகும் இறங்கினாத்தான் கிட்னி தானா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏறிச்சுன்னா…” என்று நிறுத்தினார். “ஏறினா?” என்று கேட்டேன். “அப்போ அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம், ஊசி போட்டு அனுப்பிடலாம்னு நானே சொல்லுவேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். ஒருத்தர் கையெழுத்து போட்டா நான் செய்ய மாட்டேன்” என்றார். நம் வீட்டுக் கதை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால் கம்பவுண்டர் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்தை இரண்டு பக்கமும் படித்தேன். மூன்று நாற்பது இல்லை அண்ணா, மூன்று முப்பத்தைந்து. என் போனில் இன்னும் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்ச் செய்தி மறுநாள் பேப்பரில் வந்தது. அதை நான் வெட்டி வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் நல்லதுக்கு என்று சொல்ல மாட்டேன். உன் முகத்தில் எறிவதற்கு வைத்திருந்தேன். பதினோரு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் எறிந்தேன், நீ மாடியில் இருந்தாய்.

எறிந்தது போதும் என்று தோன்றுகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வராததை எழுதினால் நீயே கண்டுபிடித்துவிடுவாய். ஆனால் என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம்தான் அந்தப் பாட்டிலுக்குள் இன்னொரு தடவை சிரிஞ்சை விட்டது. அது உன்னைப் பார்த்து எறிந்தது. பட்டது அவள் மேல்.

இன்று சட்டையைக் கழற்றித் துவைத்து, புதிதாக ஒன்று தைத்துப் போட்டேன். கையை உள்ளே விட்டுத்தான் மாட்ட முடிந்தது. இடுப்பு எலும்பு விரலில் தட்டுகிறது. போன வாரம் எடுத்த அளவு இந்த வாரம் தொளதொளவென்று இருக்கிறது. நாடாவை இரண்டு அங்குலம் உள்ளே இழுத்துக் கட்டினேன். நைட்டியில் இன்னொரு கை மிச்சம் இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் தைக்க வேண்டுமென்றால் முதுகுத் துணியில்தான் வெட்ட வேண்டும்.

விரலை நீட்டினேன். மூக்கை வைக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். யாரோ வர வேண்டும் என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பூனையின் பார்வைக்கு நான் அர்த்தம் சொல்வதை நீ செய்தி என்று ஒத்துக்கொள்ள மாட்டாய். நான் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாளை நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். சாவியைப் பக்கத்து மெஷின்காரியிடம் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் மறுநாள் பக்கங்களை முடிவுசெய்யும் கூட்டம் நடக்கும், நீ இல்லாமல் நடக்காது என்று இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன்.

டிரிப்ஸை நாளை காலை எட்டுக்கு நிறுத்துகிறார்கள். பகல் இரண்டுக்கு ரத்தம் எடுப்பார்கள். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது மாலை நான்கு மணிக்குத் தெரியும். கூண்டுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டுவைக்கக் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் நான் மூன்றரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். மற்றதில் ஆள் இருக்குமா என்பதும் நான்கு மணிக்குத்தான் தெரியும்.

பாப்பா